சாண்ட்பிளாஸ்டர் திக்கினால் முதலில் எதைக் கழற்றுவது?

அழுத்தக் காற்றோடு மணலைப் பீச்சித் துரு, பெயின்ட் உரிக்கும் இயந்திரம் சாண்ட்பிளாஸ்டர். பெடலை மிதித்தால் காற்று சீறுகிறது, மணல் வரவில்லை. அல்லது இரண்டு விநாடி வருகிறது, நிற்கிறது, மறுபடி ஒரே குத்தாக வந்து விழுகிறது. இந்த இரண்டு புகாருக்கும் பட்டறையில் நடக்கும் முதல் வேலை, ஸ்பானரை எடுத்து, மணலைப் பீச்சும் துப்பாக்கியான கன்னைக் கழற்றுவதுதான். பெரும்பாலும் அது வீண். மணல் வெளிவரும் வாயான நாசிலில் தெரியும் கோளாறின் வேர் பல அடி பின்னால், காற்று லைனிலோ காற்றைக் காயவைக்கும் டிரையரிலோ கிடக்கும். அதனால் இங்கே வரிசை கம்ப்ரசரில் தொடங்கி நாசிலில் முடிகிறது. இதைத் தலைகீழாகச் செய்தால் நல்ல நாசிலைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே கோளாறோடு உட்கார்ந்திருக்க நேரும்.

மணல் என்று சொல்வது வாய்ப்பழக்கம். உள்ளே போடுவது கார்னெட், அலுமினியம் ஆக்சைடு, கண்ணாடி மணி, ஸ்டீல் கிரிட் இவற்றில் ஒன்று. ஆற்று மணலோ கடல் மணலோ போடவே கூடாது. குவார்ட்ஸ் உடைந்து பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும். அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை. 1870இல் பெஞ்சமின் டில்க்மன் காப்புரிமை பெற்ற முறை மணலை வைத்துத்தான் ஓடியது. வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணலைப் பயன்படுத்துவதை பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிகளிலேயே தடுத்துவிட்டது. 1 சதவீதத்துக்கு மேல் தனி சிலிக்கா (குவார்ட்ஸ் போன்றது) உள்ள எதையும் பிளாஸ்டிங்குக்கு எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 1974இல் பரிந்துரைத்தது.

இயந்திரம் இரண்டு வகை. சக்‌ஷன் வகையில் கன்னுக்குள் ஒரு சிறிய ஏர் ஜெட் காற்றைப் பாய்ச்சும். அந்த வேகத்தில் உண்டாகும் வெற்றிடம் கீழேயிருந்து மணலை உறிஞ்சும். கைகளை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யும் மூடிய பெட்டிகளான சிறிய கேபினெட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான். பிரஷர் பாட் வகையில் மணல் இருக்கும் பானைக்கே அழுத்தம் கொடுத்து, மணலும் காற்றும் ஒரே ஹோஸில் தள்ளப்படும். காற்றுப் பக்கத்துக் கோளாறுகள் இரண்டுக்கும் பொது.

எதையும் திறக்கும் முன் ஒன்று: கம்ப்ரசர் வால்வை மூடி, பூட்டி, பானையின் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்பதை மட்டும் நம்ப வேண்டாம். தூசி அடைத்த கேஜும் பூஜ்யம்தான் காட்டும். வெளியேற்றும் வால்வு திறந்திருக்கிறதா, அதில் காற்றுச் சத்தம் ஓய்ந்துவிட்டதா என்று காதால் கேட்ட பிறகே கை வையுங்கள்.

காற்று போதுமா

ரெகுலேட்டர் 100 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு 100 பவுண்டு அழுத்தம்) காட்டுகிறது, ஆகவே காற்று சரி என்று முடிவு கட்டுவது வழக்கமான தவறு. அது நிற்கும் காற்றின் அழுத்தம். பெடலை மிதித்துப் பிடித்தபடி பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு கேஜை: கம்ப்ரசர் டாங்கில் ஒன்று, கேபினெட் நுழைவாயில் ஒன்று.

டாங்க் கேஜ் அசையாமல் நிற்க, கேபினெட் கேஜ் மட்டும் மிதித்த உடனே 100இலிருந்து 60க்கு விழுந்தால் நடுவில் ஏதோ நெரிக்கிறது. அடைத்த ஃபில்டர், பாதி திறந்த வால்வு, நீளமான மெல்லிய ஹோஸ் எல்லாம் சந்தேகத்துக்குரியவைதான். முதல் குற்றவாளி, ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் கால் இஞ்ச் இணைப்பான குவிக் கப்ளர். வண்ணம் அடிக்கும் கன்னுக்கு அது போதும், பிளாஸ்டருக்கு அது தொண்டையில் போட்ட முடிச்சு. அதை எடுத்துவிட்டு அரை இஞ்ச் ஹோஸை நேரடி நிப்பிளில் மாட்டினால் பாதிப் புகார்கள் அன்றே தீரும்.

இரண்டு கேஜும் சேர்ந்து மெல்ல இறங்கினால் கம்ப்ரசருக்கே திராணி இல்லை. 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 1/8 இஞ்ச் துளை ஏறக்குறைய 20 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 20 கன அடி) காற்று தின்னும். 3/16 என்றால் 45, 1/4 என்றால் 81, 5/16 என்றால் 137, 3/8 என்றால் 196. சக்‌ஷன் கன்னில் இந்தக் கணக்கை ஏர் ஜெட்டின் துளைக்குப் போட வேண்டும், நாசிலுக்கு அல்ல. பிஸ்டன் கம்ப்ரசர் ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் 4 சிஎஃப்எம் தரும் என்று வைத்தால், மிகச் சிறிய 1/8 ஜெட்டுக்கே 5 குதிரைத்திறன் வேண்டும். 2 குதிரைத்திறன் கம்ப்ரசரை வைத்துக்கொண்டு ‘மணல் விட்டு விட்டு வருகிறது’ என்று கன்னைப் பழிப்பதில் நியாயம் இல்லை.

பிரஷர் பாட்டில் நாசில் அழுத்தத்தை அளக்க ஊசி கேஜ் உண்டு. நாசிலுக்குச் சற்றுப் பின்னால், மணல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஊசி நாசில் பக்கம் சாயும்படி ஹோஸில் குத்திப் பார்க்க வேண்டும். 1 பிஎஸ்ஐ குறைந்தால் வேலை ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் குறையும் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் கணக்கு. பானையில் 100 காட்டி நாசிலில் 80 வந்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேலை ஹோஸிலேயே கரைகிறது. ஹோஸின் உள்விட்டம் நாசில் துளையைப் போல 3 முதல் 4 மடங்கு இருக்க வேண்டும்.

தண்ணீர்தான் முதல் எதிரி

30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம். அப்போது ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். 20 சிஎஃப்எம் கம்ப்ரசர் மணிக்கு ஏறக்குறைய 34 கன மீட்டர் காற்றை உறிஞ்சி 7 பார் (சுமார் 100 பிஎஸ்ஐ) அழுத்தத்துக்கு நசுக்கும். மறுபடி 30 டிகிரிக்கு ஆறும்போது அந்தக் காற்றால் தாங்க முடியாத நீர் பிரிந்துவிடும். கணக்குப் போட்டால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வருகிறது. இந்தத் தண்ணீர் எங்கேயோ இறங்கியாக வேண்டும். நாம் இடம் காட்டாவிட்டால் மணலில் இறங்கும்.

இதில் நடக்கும் பெரிய பிழை, வாட்டர் செபரேட்டரை கம்ப்ரசர் வாயிலேயே மாட்டுவது. அங்கே காற்று கொதிக்கிறது. நீர் இன்னும் ஆவியாகவே இருக்கிறது. செபரேட்டர் துளியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. சூடான காற்று அதைச் சுகமாகக் கடந்து போய், ஹோஸில் ஆறி, மணலுக்குப் பக்கத்தில் தண்ணீராகும். அழுத்திய காற்றை ஆற்றும் ஆஃப்டர்கூலர் இருந்தால் அதற்குப் பிறகு மாட்டலாம். இல்லையென்றால் 7, 8 மீட்டராவது உலோகக் குழாயில் காற்றை ஓடவிட்டு, ஆறிய இடத்தில் செபரேட்டரை வையுங்கள். குழாய்க்குக் கொஞ்சம் சரிவு வேண்டும். தாழ்ந்த முனையில் கீழே ஒரு தொங்கு குழாயும் வடிகால் வால்வும் வேண்டும். கிளை எடுக்கும்போது மெயின் குழாயின் மேல் பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்குங்கள். அடியிலிருந்து எடுத்தால் மெயினில் ஓடும் தண்ணீர் முழுக்க அந்தக் கிளையில் விழும். பிவிசி குழாய் இந்த வேலைக்கு ஆகாது. உடைந்தால் கண்ணாடி போல் சிதறும்.

செபரேட்டருக்குப் பிறகும் மிஞ்சும் ஆவிக்கு சிலிக்கா ஜெல் டிரையர். நீல ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு ஜெல் பச்சையாகும். 120 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்தால் நிறம் திரும்பும். நீலத்தில் உள்ள கோபால்ட் உப்பு நச்சு என்பதால் ஆரஞ்சையே வாங்குவது நல்லது. எண்ணெய்ப் பூச்சு ஏறிய ஜெல்லை எவ்வளவு சூடாக்கினாலும் பிழைக்காது, ஆகவே எண்ணெய் பிடிக்கும் ஃபில்டர் ஜெல்லுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

காற்று சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க, மணலை அடைத்துவிட்டு வெறும் காற்றை மட்டும் திறந்து, வெள்ளைத் துணியையோ உறிஞ்சு தாளையோ இரண்டடிக்குள் ஒரு நிமிடம் பிடியுங்கள். துணியைக் கையில் பிடிக்காமல் ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டுவது நல்லது. நீர்ப் புள்ளியோ மஞ்சள் கறையோ விழுந்தால் அன்று வேலை தொடங்க வேண்டாம்.

மணலுக்கு இரண்டு சோதனை. ஒரு பிடி அள்ளி இறுக்கி விரித்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் விரலிடுக்கில் ஒழுகி ஓடிவிடும். உள்ளங்கையில் விரல் தடத்தோடு உருண்டையாக நின்றால் ஈரம். அடுத்தது கண்ணாடிச் சோதனை. சிறிய கண்ணாடிக் குப்பியில் பாதி மணல், மீதி சுத்தமான தண்ணீர். மூடி ஒரு நிமிடம் குலுக்கி ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். பிறகு குப்பியை வெளிச்சத்தில் சாய்த்து நீர்ப்பரப்பை ஓரமாகப் பாருங்கள். வானவில் போல மெல்லிய படலம் மிதந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. தண்ணீர் கலங்கியே நின்றால் மணல் உடைந்து தூசியாகிவிட்டது. ஈர மணலைத் தகரத்தில் பரப்பி வெயிலில் காயவைத்து, சலித்து மறுபடி போடலாம். எண்ணெய் மணலுக்கு மீட்சி இல்லை. அதைக் கொண்டு பிளாஸ்ட் செய்த இரும்பில் பெயின்ட் ஒட்டாமல் உரியும், அப்போது பழி பெயின்ட் மேல் விழும்.

சக்‌ஷன் கேபினெட்: உள்ளங்கையும் ரப்பர் துண்டும்

காற்று சரி, மணல் காய்ந்திருக்கிறது, இன்னும் வரவில்லை. கன்னைக் கழற்றும் முன் இரண்டு சோதனை பாக்கி.

மணலில் புதைந்திருக்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்து, பெடலை மிதித்து, குழாயின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். தோலைப் பிடித்து இழுத்தால் கன் நன்றாக இருக்கிறது. குற்றம் மணல் பக்கம். குழாயைச் சுற்றி மணல் வளை போல் குழிந்து நின்றிருக்கும், அல்லது பெயின்ட் சுருளோ மூட்டை நூலோ வாயை அடைத்திருக்கும். மணல் தங்கும் அடிக்கூம்பான ஹாப்பருக்குள் ஒரு வலைத்தட்டு போட்டால் இந்தத் தொல்லை பாதி ஓயும்.

உறிஞ்சல் பலவீனமாக இருந்தால் இரண்டாவது சோதனை. கேபினெட் கதவை மூடி, உள்ளே தடித்த ரப்பர் துண்டு ஒன்றின் மேல் நாசில் வாயை அழுத்திப் பிடித்து, பெடலை ஒரு தட்டு தட்டுங்கள். போக வழியில்லாத காற்று உறிஞ்சு ஹோஸ் வழியே பின்னோக்கிப் பாயும். அடைப்பு இருந்தால் ஹாப்பருக்குள் துப்பிவிடும். இதையே விரலால் செய்பவர்கள் இருக்கிறார்கள். கையுறை கிழியும் நாள் வரை அது சாமர்த்தியம்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. சாதாரணமாக அந்த ஹோஸில் இருப்பது வெற்றிடம். ஊசித் துளை இருந்தால் அது வெளிக்காற்றை உள்ளே இழுக்குமே தவிர வெளியே எதுவும் தெரியாது, சோப்பு நுரை தடவினாலும் குமிழ் வராது. காற்று பின்னோக்கிப் பாயும் அந்த இரண்டு விநாடியில் மட்டும் ஹோஸுக்குள் அழுத்தம் இருக்கும். துளை உஸ்ஸென்று சத்தம் போட்டு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கன்னுக்குள் நுழையும் கடைசி ஒரு சாண் நீளத்தில், வளைவின் வெளிப்புறத்தில் தேடுங்கள்.

இதிலும் எதுவும் தட்டுப்படவில்லையென்றால் இனி ஸ்பானரை எடுக்கலாம். ஜெட் எவ்வளவு ஆழத்தில் நின்றது என்று கழற்றும் முன் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சில மில்லிமீட்டர் முன்பின் ஆனாலும் உறிஞ்சல் மாறிவிடும். நாசில் துளை ஜெட் துளையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்க வேண்டும்: 1/8 ஜெட்டுக்கு 1/4 நாசில். நாசிலை மட்டும் பெரிதாக்கினால் வேலை வேகமாகும் என்ற எண்ணம் தவறு; காற்று விரிந்து வேகம் குறைந்து, வெற்றிடமே உண்டாகாது. ஜெட்டின் மணல் படும் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அரைச்சுற்று திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். கன் உடம்பின் உள்சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஜெட்டுக்கு எதிரே சுவர் குழிந்து காகிதம் போல் மெலிந்திருந்தால் ஜெட்டை மாற்றிப் பயனில்லை.

மணல் குத்துக் குத்தாக வந்தால் உறிஞ்சு குழாயில் உள்ள காற்றுத் துளையைப் பாருங்கள். அது மண்டியிருந்தால் காற்று கலக்காமல் மணல் மட்டும் மூச்சு முட்ட ஏறும். கொஞ்சம் திறந்துவிட்டால் ஓட்டம் சீராகும். அதிகம் திறந்தால் மணல் வற்றும்.

கையில் ஷாக் அடிக்கிறது என்பது அடிக்கடி வரும் புகார். காய்ந்த மணல் ரப்பரில் உரசுவதால் வரும் நிலைமின்சாரம் அது. கன்னிலிருந்து கேபினெட் உடம்புக்கும், அங்கிருந்து எர்த்துக்கும் ஒயர் இருக்க வேண்டும். ஹோஸ் மாற்றும்போது நிலைமின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்ட் ஹோஸே வாங்க வேண்டும், கிடைத்த பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் ஷாக் திரும்பி வரும்.

பிரஷர் பாட்: சத்தம் எங்கிருந்து வருகிறது

கைப்பிடியை அழுத்தியதும் பானை அழுத்தம் ஏறாமல் மேல் வாயில் காற்று கசிந்தால், அந்த வாயை உள்ளிருந்து மூடும் பாப்-அப் வால்வின் ரப்பர் வளையம் போய்விட்டது. இந்தக் கசிவை ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று விடக் கூடாது. கசியும் காற்றோடு மணலும் போகிறது; அதாவது உங்கள் வால்வை உங்கள் இயந்திரமே பிளாஸ்ட் செய்துகொண்டிருக்கிறது. ரப்பரில் தொடங்கிய கோடு அடுத்து இரும்புத் தலையில் விழும்.

மாற்றும் முறை: காற்றைப் பூட்டி, வெளியேற்றி, பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். உள்ளே டார்ச் அடித்தால் பழைய வளையத்தில் ஒரு இடத்தில் மட்டும் பளபளப்பான வாய்க்கால் போலத் தெரியும். வளையத்தை நெம்பி எடுத்து, அது உட்காரும் பள்ளத்தை முழுக்கச் சுரண்டித் துடைக்க வேண்டும். அங்கே ஒரு மணல் பரு கிடந்தாலும் புது வளையம் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். பாப்-அப் தலையை விரல் நகத்தால் சுற்றித் தடவுங்கள், நகம் எங்காவது மாட்டினால் தலையையும் மாற்றிவிடுங்கள். வளையத்தைச் செருக சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் போட்டால் மணல் வந்து ஒட்டி அடுத்த பழுதை இன்றைக்கே விதைத்ததாகும்.

மணல் வராமல் காற்று மட்டும் வந்தால், கீழே மணல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வில் அடைப்பு. அதை முழுக்கத் திறந்து, வேலை செய்யும்போதே, பானைக்குள் போகாமல் நேரே ஹோஸுக்குப் போகும் காற்றின் சோக் வால்வை சில விநாடி மூடுங்கள். காற்று முழுக்கப் பானை வழியே இறங்கி அடைப்பைத் தள்ளிவிடும். தள்ளியதும் சோக்கை மறுபடி முழுக்கத் திறக்க வேண்டும். மறந்து பாதியில் விட்டால் மணல் கொட்டும், நாசில் இருமும், மணல் செலவு எகிறும். ஓட்டம் குறையும் போதெல்லாம் மீட்டரிங் வால்வைத் திறந்துகொண்டே போவது கெட்ட பழக்கம். ஈரம் என்ற நோயை அது மறைக்கிறது. முழுக்க மூடி ஆரம்பித்து, நாசில் முன் மணலின் நிறம் லேசாகத் தெரியும் வரை மட்டும் திறந்தால் போதும்.

கையை எடுத்த பிறகும் பானையின் காற்று வெளியேறத் தாமதமானால் வெளியேற்றும் பக்கத்து மஃப்ளரும் டயாஃப்ரமும் தூசியால் அடைத்திருக்கும். கைப்பிடியை விட்டதும் நிற்கவில்லையென்றால் இயந்திரத்தை அந்த நொடியே ஒதுக்கிவையுங்கள். அழுத்திப் பிடித்தால் மட்டுமே ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கைப்பிடி. அதைக் கம்பியால் கட்டி ஓட்டுபவர், கைநழுவிய ஹோஸ் சுழன்றடிப்பதைப் பார்த்திருக்க மாட்டார்.

ஹோஸைத் தினமும் கையால் அழுத்திக்கொண்டே நடந்து பாருங்கள். மெத்தென்று உள்வாங்கும் இடம் உள்ளே தேய்ந்த இடம். இணைப்புகளில் பாதுகாப்பு ஊசியும், இணைப்பு விட்டுப்போனால் ஹோஸைப் பிடித்துக்கொள்ளும் சாட்டைக் கயிறும் இருக்க வேண்டும். நாசில் வாஷர் ஒரு அற்பப் பொருள். அது தேய்ந்து விட்டுப்போன இடுக்கில் மணல் புகுந்து நாசில் ஹோல்டரின் மரையையே அறுத்துவிடும். பானையின் தகடு மெலிந்தாலோ துளை விழுந்தாலோ வெல்டிங் ஒட்டுப் போடக் கூடாது, அழுத்தக் கலம் அது.

வேலை முடிந்ததும் பானையில் மணலை விட்டுவைக்காதீர்கள். இரவில் குளிரும் தகட்டில் வியர்க்கும் ஈரத்தை மணல் குடித்து, காலையில் கட்டியாக நிற்கும்.

நாசில்

தேய்ந்த நாசிலை அளக்க டிரில் பிட்டின் வழவழப்பான தண்டு போதும். 1/4 இஞ்ச் நாசிலின் நுழைவாய்ப் பக்கமிருந்து 8 மி.மீ. தண்டு தடையின்றிக் கடந்து போனால் துளை 1/16 இஞ்ச் வளர்ந்துவிட்டது, மாற்றும் நேரம் தாண்டியாயிற்று. அதே அழுத்தத்தில் வைத்திருக்க முன்பு 81 சிஎஃப்எம் போதுமாக இருந்தது, இப்போது 137 வேண்டும். கம்ப்ரசர் திடீரென்று ‘சோர்ந்துவிட்டது’ என்பதன் ரகசியம் பல சமயம் இதுதான். தண்டைச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டாம். கார்பைடு உரை கடினமானது, ஆனால் நொறுங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தால் தேய்மானம் அலை அலையான மேடுபள்ளமாகத் தெரியும்.

அலுமினியம் ஆக்சைடு போடுபவர்கள் நாசில் பொருளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அந்த மணலுக்குப் பீங்கான் நாசில் 1 முதல் 4 மணி நேரம்தான் தாங்கும். டங்ஸ்டன் கார்பைடு 20 முதல் 40 மணி. போரான் கார்பைடு 200 முதல் 1000 மணி. கண்ணாடி மணி மட்டும் போடும் கேபினெட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. கண்ணாடி மணியை 60 பிஎஸ்ஐ-க்கு மேல் ஓட்டினால் மணி உடைந்து தூசியாகும், பளபளப்புக்குப் பதில் சொரசொரப்பு வரும்.

கேபினெட்டுக்குள் எதுவும் தெரியவில்லை என்றால் விளக்கைக் குறை சொல்லும் முன் டஸ்ட் கலெக்டர் ஃபில்டரை உதறுங்கள். காற்று உள்ளே வரும் துளையும் மூடாமல் இருக்கட்டும். உறிஞ்சல் அளவுக்கு மீறினால் நல்ல மணலும் தூசிப் பையில் போய்ச் சேரும். அவ்வப்போது அந்தப் பையில் கைவிட்டு, விரலில் நெருடுகிறதா என்று பாருங்கள். நெருடினால் இழுவையைக் குறைக்க வேண்டும். பழைய பெயின்ட் உரித்த தூசியில் ஈயம் இருக்கலாம் என்பதால் முகமூடி, கையுறை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. கண்ணாடிச் சன்னலுக்கு உள்பக்கம் ஒட்டும் மெல்லிய தாள் மங்கியதும் மாற்றிவிடுங்கள். வேலைப் பொருளுக்கு நேர் செங்குத்தாக அடித்தால் தெறித்து வரும் மணல் சன்னலையும் அரிக்கும். 45 முதல் 60 டிகிரி சாய்த்து அடித்தால் அது விலகிப் போகும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு சோதனை ஓட்டம். பெயின்ட் அடித்த பழைய தகட்டைக் கேபினெட்டுக்குள் நிறுத்தி, கன்னை 15 செ.மீ. தூரத்தில் அசையாமல் பிடித்து மூன்று விநாடி மட்டும் மிதியுங்கள். பெயின்ட் உரிந்த இடம் வட்டமாக, நடுவில் ஆழமாக, ஓரம் சீராக மங்கி இருந்தால் சரி. நீள்வட்டமாகவோ பிறை போலவோ விழுந்தால் ஜெட் நடுவில் நிற்கவில்லை, அல்லது நாசில் ஒருபக்கம் தேய்ந்திருக்கிறது. கன்னை அப்படியே வைத்து நாசிலை மட்டும் அரைச்சுற்று திருப்பி, தகட்டின் இன்னொரு இடத்தில் மறுபடி மூன்று விநாடி. பிறையும் சேர்ந்து திரும்பினால் நாசில். திரும்பாமல் அதே பக்கம் நின்றால் ஜெட்.